பொறுப்பு: ஆவுடை

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. மண்டபத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டேன். இனி ஒரு மாதத்துக்குக் கோவில்பட்டியில் எவன் வீட்டிலும் கல்யாணம் கிடையாது. "நயினார் அண்ணாச்சி, பந்தியில இலை பத்தல" என்று யாரும் என் போனில் கத்த முடியாது. கல்யாண மண்டப மேனேஜருக்கு வருஷத்தில் கிடைக்கிற ஒரே லீவு இதுதான். மார்கழியும் உண்டு. ஆனால் மார்கழியில் மண்டபத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும்.

காலையில் காப்பி குடித்துக்கொண்டே ஆவுடையிடம் விஷயத்தை உடைத்தேன். ஆகஸ்ட் பதினைந்து வெள்ளிக்கிழமை கொடைக்கானல் போகிறோம், ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறோம். தை மாதம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கொடுத்த வாக்கு இது. கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆறு வாரம் குனியக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம் வந்த மாதம் அது. பத்தாம் நாளே அவளாக எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் போகச் சொல்லவில்லை. "ஆடி வரட்டும், உன்னை மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். ஒரு துரும்பக்கூட நீ தூக்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தேன்.

"நெசமாவா அத்தான்?" என்றாள். ஆவுடை என் மாமன் மகள். கல்யாணத்துக்கு முந்தியும் நான் அவளுக்கு அத்தான்தான், பிந்தியும் அத்தான்தான். "நாம மட்டுமா?"

"அரசியும்தான்" என்றேன். அரசி எங்கள் மகள். பிளஸ் டூ முடித்துவிட்டு என்ஜினீயரிங் கவுன்சலிங்குக்காகக் காத்திருக்கிறாள்.

சிரித்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் அவள் அப்படிச் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். எழுபத்தெட்டு வயதில் காது மட்டும் கூர்மை.

"அப்ப என்னைய எங்கலே போடப் போறே? மண்டபத்துலயா?"

அப்பாவையும் அழைத்துப் போவதென்று முடிவாயிற்று. அவருக்கு ஓட்டல் சாப்பாடு ஆகாது. காலையில் ஏழு மணிக்குக் கஞ்சி, மத்தியானம் குழைந்த சோறு, ராத்திரி மறுபடி கஞ்சி. எட்டு இடத்துக்குப் போன் போட்டு, அடுப்படி உள்ள காட்டேஜாகப் பார்த்துப் பிடித்தேன். கேஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் அங்கேயே இருக்கிறதாம். இந்த ஊரில் வேறு யாரும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

"அடுப்படியோடயா?" என்றாள் ஆவுடை.

"ஆமா. ரெண்டு பர்னர்."

"சரி" என்றாள்.

ஜூலை 24, வியாழன்

தம்பி சுடலைமணிக்குச் சொல்லாமல் போனால் நாளைக்கு ஒரு பேச்சாகிவிடும். சென்னைக்குப் போன் போட்டேன். சொல்லி முடிப்பதற்குள் "நாங்களும் வாறோம்ணே" என்றான். அவன், அவன் மனைவி தேன்மொழி, ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். நல்லதுதான், குடும்பம் என்றால் நாலு பேர் இருக்க வேண்டும். இன்னொரு அறையும் சேர்த்து எடுத்தேன், காருக்குப் பதில் வேன் சொல்லிவிட்டேன்.

ஆவுடை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப எட்டுப் பேரு" என்றாள். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும், தேன்மொழியைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

ஜூலை 28, திங்கள்

இன்று லிஸ்ட் போட்டேன்.

என் லிஸ்ட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் எழுத வேண்டும். பதினெட்டு வருஷமாகக் கல்யாண வீட்டார் யார் வந்தாலும் முதலில் நான் கொடுப்பது அதைத்தான். நாலு கட்டம்: சாமான், அளவு, எந்தத் தேதிக்குள், பொறுப்பு. கடைசிக் கட்டம்தான் உயிர். மாலைக்கு யார் பொறுப்பு, தாம்பூலப் பைக்கு யார் பொறுப்பு என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால் அந்த வேலை நடந்த மாதிரி. பெயர் எழுதாமல் விட்ட கல்யாணத்தில்தான் முகூர்த்த நேரத்தில் தேங்காயைத் தேடுவார்கள்.

கொடைக்கானலுக்கு ஐம்பத்திரண்டு வரி வந்தது. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எள்ளுப்பொடி, முறுக்கு, சீடை, குழந்தைகளுக்கு நெய் உருண்டை, அப்பாவுக்கு நொய்யரிசி, சுக்குப் பொடி, குக்கர், தோசைக்கல், கம்பளி, பழைய துணி, வாந்திக்கு எலுமிச்சம்பழம். கடலை மிட்டாய் மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கோவில்பட்டியில் இருந்துகொண்டு அதை வீட்டில் கிண்டினால் சிரிப்பார்கள்.

ஆவுடையை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பாதியில் கண்ணை மூடிக்கொண்டாள். கவனமாகக் கேட்கிறாள் என்று நினைத்து மெதுவாக வாசித்தேன்.

ஜூலை 30, புதன்

முறுக்குக்கு அரிசி இடித்துச் சலித்தாயிற்று. ஒரு வரி அடித்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஆவுடை பரணிலிருந்து கம்பளிகளை இறக்கினாள். ஆறு இருக்கின்றன, எட்டு வேண்டும். வெயிலில் போட மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனவளைக் காணோமே என்று பார்த்தால், நடுப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை அடிவயிற்றில்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தான். கம்பளி கனக்கு."

மீதி நாலையும் நானே எடுத்துக்கொண்டு போனேன். கனம்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எள்ளுப்பொடி, சீடை முடிந்தன. முறுக்கும் நெய் உருண்டையும் பாக்கி. லிஸ்ட்டில் பாதிக்கு மேல் கோடு போட்டுவிட்டேன். எந்தக் கல்யாணத்துக்கும் இவ்வளவு முன்னால் வேலை முடிந்ததில்லை. ஓய்வுக்காகப் போகிறவன் முன்கூட்டியே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும், அப்போதுதான் அங்கே போய் ஓய்வாக இருக்க முடியும். இதை அரசியிடம் சொன்னேன்.

"யாருப்பா முடிக்கிறது?" என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

ஆகஸ்ட் 9, சனி

இன்று வீட்டில் ஒரு சத்தம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லிஸ்ட் அடித்து அடித்து அசிங்கமாகிவிட்டதென்று, ஒரு நல்ல பிரதி எழுதித் தரச் சொல்லி அரசியிடம் கொடுத்திருந்தேன். சாயங்காலம் கொண்டுவந்து நீட்டினாள்.

"எழுதிட்டேம்ப்பா. ஆவுடை, ஆவுடைன்னு எழுதிக் கைதான் வலிக்கு."

"என்ன சொல்லுதே?"

"அம்பத்திரண்டுல முப்பத்தொம்பது வரி அம்மா பேருலதான் இருக்கு. உங்க பேருல ஏழு. அந்த ஏழும் போன்ல சொல்லுற வேல."

எனக்குக் கோபம் வந்தது. வேனுக்கு யார் அலைந்தது, காட்டேஜுக்கு யார் அலைந்தது என்று கத்தினேன். அலையவில்லை, உட்கார்ந்துகொண்டுதான் பேசினீர்கள் என்றாள். ஆவுடை அடுப்படியிலிருந்து "அரசி, அப்பாவ எதுத்துப் பேசாத" என்றாள். அந்த நேரம் அவள் நெய் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அது இருபத்திரண்டாம் வரி.

லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டேன். ஆளில்லாத சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நானே எண்ணினேன். முப்பத்தொன்பது இல்லை. நாற்பத்தொன்று. அரசி இரண்டைத் தவறவிட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் பதினைந்து வரிகளில் ஆவுடை பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். முதல் வேலையாக முறுக்குப் பிழியப் போனேன். ஆயிரம் பேர் சாப்பிடும் பந்தியை நடத்துகிறவனுக்கு இதென்ன என்று நினைத்தேன். முதல் ஈடு எண்ணெயில் கரைந்துவிட்டது. இரண்டாவது ஈட்டை வைத்து ஆணி அடிக்கலாம்.

"விடுங்க அத்தான். நீங்க ஒரு தடவ செஞ்சா நான் ரெண்டு தடவ செய்யணும்" என்று அச்சை வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் கேட்டேன். இவ்வளவு நாளும் கேட்காததைக் கேட்டேன். "ஆவுடை, இந்த லீவு உனக்காகத்தான் போடுறேன். அங்க போய் என்ன செய்யணும்னு உனக்கு ஆசை? சொல்லு, முதல் வரியா எழுதிருதேன்."

அடுப்பை அணைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"நெசத்தச் சொல்லட்டா? கோவிச்சுக்கிட மாட்டீகளே?"

"மாட்டேன்."

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்" என்றாள். "எங்க அய்யா வீட்டுல ஏழு பேரு. அங்கயிருந்து நேரா இங்க வந்தேன். கல்யாணமாகி இருவத்தஞ்சு வருஷமாச்சு, இந்த வீட்டுல ஒரு நாகூட நான் மட்டும் இருந்ததில்ல. யாரும் கூப்பிடாம இந்த வீடு எப்படி இருக்கும்னு பாக்கணும் அத்தான். அங்க போனாலும் அடுப்புதான? ரெண்டு பர்னரு."

கோவிச்சுக்கிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மூன்று வாரமாக ராப்பகலாக இவளுக்காக நான் திட்டம் போடுகிறேன். இவளுக்கு மலையும் வேண்டாம், ஏரியும் வேண்டாம், நானும் வேண்டாமாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரசத்தில் உப்பில்லை. சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அப்பா காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே, "ஆவுடை வரலயாமே. அங்க எனக்குக் கஞ்சி யாருலே காச்சுவா?" என்றார்.

"நான் காச்சுதேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஆவுடை சொல்லிக்கொடுத்தாள். நொய் அரை டம்ளர், தண்ணீர் ஆறு டம்ளர், பூண்டு நாலு பல், சீரகம் இரண்டு விரலால் எடுக்கிற அளவு. பொங்கி வரும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். உப்புக் கடைசியில். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். நான் கிண்டுகிற அழகைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளுக்குப் பிறகு இருவரும் சிரித்தோம்.

அப்போது கவனித்தேன். அவள் ஒரு கையை அடுப்பு மேடையில் ஊன்றிக்கொண்டுதான் நிற்கிறாள். கையை எடுத்தால் அடுத்த கை. ஊன்றாமல் நிற்கவே இல்லை.

"எப்பருந்து இப்படி நிக்கே?"

"தையில இருந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க லிஸ்ட் போடுவீக" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள்.

ஜூலை 17ஆம் தேதி எழுதியதை இப்போது புரட்டிப் பார்த்தேன். பத்தாம் நாள் அவளாக எழுந்து அடுப்படிக்குப் போனாள், நான் போகச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். போகச் சொல்லவில்லைதான். அன்றைக்குக் காலையில் அவள் படுத்திருந்த அறை வாசலில் நின்றுகொண்டு, "அப்பாவுக்கு ஓட்டல் இட்லி ஒத்துக்கிடல, ராத்திரி பூரா வயித்தால போச்சு" என்று அரசியிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அதை எழுதாமல் விட்டது தப்பு, இப்போது எழுதிவிட்டேன்.

லிஸ்ட்டைக் கிழித்துப் போட்டேன். செய்து வைத்த பலகாரம் இருக்கிறது, மற்றது அங்கே ஓட்டலில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சுடலைமணி குடும்பம் மத்தியானம் வந்து இறங்கியது. வீடு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆவுடை வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. தனியாக இருக்க ஆசைப்படுகிறாள் என்றால் ஏதோ எங்களுக்குள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

"டாக்டர் மலை ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

தேன்மொழி நல்ல பெண். உடனே, "அப்ப நானும் துணைக்கு இருந்துக்கிடுதேன் அக்கா. இவங்க போயிட்டு வரட்டும்" என்றாள்.

ஆவுடையின் முகம் அப்படியே வாடிவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது. "அதெல்லாம் வேண்டாம்மா. ரெண்டு பிள்ளைகளையும் உன் புருஷனா பார்ப்பான்? அவன் செருப்பையே அவன் தேடுவான்" என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடை என்னைப் பார்த்தாள். எத்தனையோ மாப்பிள்ளை வீட்டாரைச் சமாளித்திருக்கிறேன். இந்த மாதிரி எனக்கே பிடித்த சமாளிப்பு வேறு கிடையாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி. கொடைக்கானல்

விடியற்காலையில் கிளம்பினோம். ஆவுடை வாசலில் நின்றாள். தெரு திரும்புகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டு நிற்பாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போயிருந்தாள். வேன் பத்தடி கூடப் போகவில்லை.

மலை ஏறும்போது இரண்டு குழந்தைகளும் வாந்தி. எலுமிச்சம்பழம் எடுத்து வைக்க மறந்துவிட்டோம். லிஸ்ட்டைக் கிழித்ததன் பலன்.

காட்டேஜ் நன்றாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மேகம். அப்பாவுக்குச் சோறு குழைய வைக்க வேண்டியிருந்தது, அது எனக்கு நன்றாக வந்தது. மற்றவர்களுக்கும் அதே சோறுதான்.

இரண்டு மணிக்கு ஆவுடைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. இரண்டரைக்கு எடுக்கவில்லை. மூன்றுக்கும் எடுக்கவில்லை. குளியலறைத் தரை வழுக்கும், அதைச் சரிசெய்ய வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்றரைக்கு மண்டபத்து வாட்ச்மேனைப் போய்க் கதவைத் தட்டச் சொல்லலாம் என்று நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் வேறு யாருக்கோ போட்டுவிட்டேன்.

நாலு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"தூங்கிட்டேன் அத்தான். பன்னெண்டு மணிக்குச் சும்மா கண்ண மூடுனேன். இப்பத்தான் முழிச்சேன்."

"சாப்ட்டியா?"

"பழையது இருந்துச்சு, மோர ஊத்திக் குடிச்சேன். ரெண்டு முறுக்குத் தின்னேன். மாமா கஞ்சி குடிச்சாகளா?"

குரல் வேறு மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மாமா வீட்டுக்குப் போனால் உள் அறையிலிருந்து ஒரு பேச்சுச் சத்தம் கேட்கும், வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் நான் செருப்பைக் கழற்றுவேன். அந்தக் குரல்.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் கஞ்சி. "உப்புக் கூட" என்றார் அப்பா. ஆனால் மிச்சம் வைக்கவில்லை. ஏரியில் படகு, பூங்கா, சோளக்கதிர். அரசி நானூறு ஐந்நூறு படம் எடுத்தாள். ஒன்றிலும் நான் சிரிக்கவில்லையாம்.

படகுத்துறையில் மற்றவர்கள் படகிலிருந்து இறங்குகிற வரை நானும் தேன்மொழியும் கரையில் நின்றுகொண்டிருந்தோம். பெரிய பெண்ணின் குல்லாய், சின்னப் பெண்ணின் செருப்பு, சுடலையின் போன், எல்லாம் அவள் கையில் இருந்தன.

"பெரிய அத்தான், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? அக்காவ நெசமாவே டாக்டர்தான் போக வேண்டாம்னு சொன்னாங்களா?"

"ஆமா" என்றேன்.

"எனக்கும் அந்த டாக்டர் நம்பரக் குடுங்க" என்றாள்.

இரண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு குல்லாயையும் செருப்பையும் அவளிடமிருந்து வாங்கிச் சுடலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்னண்ணே?" என்றான். பிடிடா என்றேன்.

இன்று நான் ஆவுடைக்குப் போன் போடவில்லை. கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்றல்லவா கேட்டாள். ஆறு மணிக்கு அரசி அவளைக் கூப்பிட்டாள். அம்மா கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு ரேடியோ கேட்கிறாளாம். அவ்வளவுதான் செய்தி. எனக்கு அது போதுமாக இருந்தது. போதுமாக இல்லை. அவளை இங்கே கொண்டுவந்து அந்த ஜன்னல் பக்கம் உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மத்தியானம் ஒரு மணிக்கு மதுரை. சுடலை குடும்பத்தை ஸ்டேஷனில் இறக்கிவிட்டோம். மிச்சம் அப்பா, அரசி, நான். ஒரு ஓட்டல் வாசலில் வேனை நிறுத்தி ஆவுடைக்குப் போன் போட்டேன், வருகிறோம் என்று சொல்ல.

"எத்தன மணிக்கு வருவீக?"

"நாலுக்கெல்லாம் வந்துருவோம்."

அந்தப் பக்கம் ரேடியோவை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப ரெண்டரைக்கு உலை வச்சாச் சரியா இருக்கும்" என்றாள்.

குரல் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கேட்ட குரல் போய், பழைய குரல் வந்துவிட்டது. என் கண் முன்னாலேயே அது நடந்த மாதிரி இருந்தது. அவள் தரையிலிருந்து எழுந்து, சேலையை இழுத்துச் சொருகி, ஒரு கையை மேடையில் ஊன்றி நிற்பதைப் பார்த்தேன்.

"இல்ல ஆவுடை, சொல்ல மறந்துட்டேன். வண்டி ரிப்பேரு. இன்னும் கொடைக்கானல்லதான் நிக்கோம். நாளைக்குத்தான் வர முடியும்" என்றேன்.

"ரிப்பேரா?"

"பிரேக்கு. மலை இறங்குற வண்டி பாரு, அதான் சரியாப் பாத்துட்டு இறங்கணும்."

போனை வைத்தேன். டிரைவர் என்னைப் பார்த்தார். அரசி என்னைப் பார்த்தாள். அப்பா, "பிரேக்கு நல்லாத்தான இருக்கு? இப்பக்கூடப் பிடிச்சானே" என்றார்.

"நீங்க சும்மா வாங்கப்பா" என்றேன்.

சொல்லிவிட்டேன். ராத்திரி எங்கே தங்குவது? டிரைவருக்கு விடிந்தால் வேறு சவாரி. மதுரையில் அறை எடுக்கலாம் என்றால் அப்பாவுக்குக் கஞ்சிக்கு எங்கே போவது? ஓட்டலில் குழைந்த சோறாகக் கேட்டு வாங்கி அவருக்குக் கொடுத்துவிட்டு யோசித்தேன். அரசிதான் சொன்னாள். "அப்பா, உங்க இடுப்புல என்ன இருக்கு?"

எங்கள் தெரு வழியாகப் போகாமல் பைபாஸில் சுற்றி ஊருக்குள் வந்து, மண்டபத்தின் பின்வாசலில் இறங்கினோம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. வாட்ச்மேன் ஏதோ கேட்க வந்தார், பிறகு அவரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு மாப்பிள்ளை அறையில் படுக்கை. ஏசி போட்டுக் கொடுத்தேன். "யாருக்குலே கல்யாணம்?" என்றார். அரசிக்கு மணப்பெண் அறை. நான் சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் படுத்துக்கொள்வேன். மண்டபத்து அடுப்படியில் இருக்கிற பாத்திரத்தில் சின்னது முப்பது பேருக்கு ஆக்குகிற சட்டி. அதன் அடியில் அரை டம்ளர் நொய்யைப் போட்டு, பக்கத்திலேயே நின்று காய்ச்சினேன். உப்பு இன்று சரியாக இருந்ததாம்.

ஆறரை மணிக்கு ஆவுடை கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீக அத்தான்?"

"கொடைக்கானல்லதான். மெக்கானிக் இப்பத்தான் வந்திருக்கான்."

அந்த நேரம் பார்த்து, கிருஷ்ண ஜெயந்திக்கு உறியடி நடத்துகிறவர்கள் தெரு முனையில் மைக்கைப் போட்டார்கள். "வழுக்குமரம் ஏறப் பேர் குடுத்தவங்க உடனே மேடைக்கு வரவும்." என் வலது காதில் ஜன்னல் வழியாகக் கேட்டது. இடது காதில், ஆவுடையின் போன் வழியாக அதே குரல், அதே பேச்சு, அரை நொடி தள்ளிக் கேட்டது. போனைக் கையால் பொத்தினேன். பொத்தி என்ன? அதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. அரசி வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

மைக்கில் இன்னும் இரண்டு பெயரை வாசித்தார்கள். அதையும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அத்தான்" என்றாள். வெள்ளிக்கிழமைக் குரல். "அங்க ரொம்பக் குளிருதா?"

வேர்வை என் கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "குளிருது" என்றேன்.

"கம்பளியப் போத்திக்கிட்டுப் படுங்க. மாமாவுக்குக் காத மூடித் துண்டக் கட்டிவிடுங்க, பனி ஆகாது."

"சரி."

"நாளைக்கு அவசரப்பட்டு மலை இறங்க வேண்டாம். பிரேக்க நல்லாப் பாத்துட்டு, சாயங்காலமா வாங்க."

"சரி ஆவுடை" என்றேன்.